செல்ஃப் எடுக்காத பழைய டீசல் என்ஜின்

தாளடி உழவுக்கு வண்டி வயலில் இறங்கவேண்டிய காலை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் என் சித்தப்பா வீட்டுக் கொட்டகையில் நின்ற டிராக்டருக்கு இருபது வயது தாண்டிவிட்டது. சாவியைத் திருப்பியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். “செல்ஃப் போச்சுங்க” என்றார் டிரைவர். மோட்டாரைக் கழற்றிச் சாக்கில் சுற்றி டவுனுக்குக் கொண்டுபோனார்கள். காயில் கட்டும் கடையில் இரண்டு நாள் கிடந்தது. புதுக் காயில், புது கார்பன், புது புஷ் என்று பில் வந்தது. கொண்டுவந்து மாட்டித் திருப்பினால் மறுபடியும் அதே ‘டக்’.

அன்று சாயங்காலம் பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவர் சைக்கிளில் வந்தார். மோட்டார் பக்கம் அவர் கை போகவே இல்லை. ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் மாட்டினார். மறுமுனையை என்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத போல்ட் ஒன்றில் கவ்வவிட்டு, “இப்ப அடிங்க தம்பி” என்றார். என்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. எர்த் பட்டையின் லக்குக்கு அடியில் துருவும் சேறும் ஏறிப் பச்சை பூத்துக் கிடந்தது. மோட்டார் மேல் பழி போட்ட அந்த இரண்டு நாளில் உழவு தள்ளிப்போனதுதான் மிச்சம்.

செல்ஃப் மோட்டார் பழுதாகாது என்று நான் சொல்லவரவில்லை. பழுதாகும், எப்படியெல்லாம் ஆகும் என்று பின்னால் விரிவாகப் பார்ப்போம். ஆனால் பழைய டீசல் வண்டியில் ‘செல்ஃப் எடுக்கல’ என்ற ஒரே புகாருக்குள் பத்துப் பன்னிரண்டு வேறுவேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. மோட்டாருக்கு உள்ளே இருப்பவை அவற்றில் சிலதான். எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் கழற்றுவது என்பதில்தான் நம் பட்டறைகள் பெரும்பாலும் தவறுகின்றன.

டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை நெருக்கியே சூடேற்றி, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சிப் பற்றவைக்கிறது. பெட்ரோல் என்ஜின் காற்றை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக நெருக்கும். டீசலோ பதினாறில், இருபதில் ஒரு பங்காக நெருக்கும். நல்ல நிலையிலுள்ள என்ஜினில் அந்த நெருக்கத்தின் முடிவில் காற்றின் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அதற்குச் சுற்றும் வேகம் வேண்டும். மெதுவாகச் சுற்றினால் காற்று ரிங்கு இடுக்கில் கசிந்துவிடும், சூடு சிலிண்டர் சுவரில் இறங்கிவிடும். பொதுவாக நிமிடத்துக்கு நூறு சுற்றுக்குக் குறைந்தால் டீசல் பற்றுவது கஷ்டம். அதனால் மெல்லச் சுற்றும் செல்ஃபும் செத்துப்போன செல்ஃபும் டீசல் என்ஜினுக்கு ஒன்றுதான். சுற்றுகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால், டீசல் போய்ச் சேர்கிறது, பற்றுமளவுக்குச் சூடு இல்லை என்று பொருள். ரிங்கு தேய்ந்த கிழட்டு என்ஜின் இன்னும் வேகமாகச் சுற்றச் சொல்லும். அங்கே நோய் என்ஜினில் இருக்கும், அடி வாங்குவது செல்ஃப்.

இந்த வேலைக்கு டிராக்டர் செல்ஃப் இரண்டு மூன்று கிலோவாட் திறனைக் காட்டவேண்டும். 12 வோல்ட்டில் அதைக் காட்ட 250, 300 ஆம்பியர் ஓடும். அசையத் தொடங்கும் முதல் கணத்தில் இதைப்போல் இரண்டு மடங்கு. வீட்டில் ஏசிக்கும் கீசருக்கும் நாம் வைப்பது 16 ஆம்பியர் பிளக் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அளவு புரியும். லாரிக்கும் பஸ்ஸுக்கும் இரண்டு பேட்டரியைத் தொடராகக் கோத்து 24 வோல்ட் ஆக்கியதன் காரணமும் இதுதான். வோல்ட் இரட்டித்தால் அதே திறனுக்கு ஆம்பியர் பாதியாகும், அதே கேபிளில் வீணாகும் சூடு கால்வாசியாகும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. பேட்டரி டெர்மினலில் அழுக்கேறி ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை உண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஹெட்லைட்டுக்குப் பத்து ஆம்பியர் ஓடும்போது அந்த இடத்தில் இழப்பது 0.1 வோல்ட். கண்ணுக்கே தெரியாது, லைட் பளிச்சென்று எரியும். அதே இடத்தில் 300 ஆம்பியர் ஓடினால் இழப்பு 3 வோல்ட். பேட்டரியின் கால்வாசி அங்கேயே போய்விட்டது. “லைட்டு நல்லாத்தானே எரியுது, பேட்டரி லைன்ல கோளாறு இருக்காது” என்று டிரைவர் சொல்வதை ஏற்றுக்கொள்ள முடியாததற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

செல்ஃப் வருவதற்கு முன் கைதான் செல்ஃப். ஹேண்டில் போட்டுச் சுற்றும் காலத்தில் கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். என்ஜின் திருப்பி உதைத்தால் கட்டைவிரலும் மணிக்கட்டும் போய்விடும். கிணற்றுமேட்டு ஆயில் என்ஜின்களில் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, ஃப்ளைவீல் வேகம் பிடித்ததும் விடுகிற வித்தை இன்றும் வழக்கிலுண்டு. இதற்கெல்லாம் மாற்றாக மின்மோட்டாரைக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். முன்பு கல்லாப்பெட்டி இயந்திரக் கம்பெனியில் வேலை பார்த்தபோது, கல்லாவைத் திறக்கச் சில விநாடி மட்டும் முழு மூச்சாக இழுக்கும் சிறு மோட்டாரைச் செய்திருந்தார். நாள் முழுக்க ஓடும் மோட்டாருக்குத்தான் பெரிய உடம்பு தேவை, கணநேரம் ஓடுவதற்குச் சின்ன உடம்பே போதும் என்ற அந்த அறிவுதான் 1912-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டராக வந்தது.

அந்த அறிவுக்குள்ளேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. கணநேர ஓட்டத்துக்கென்று செய்த பொருளைத் தொடர்ந்து ஓட்டினால் வெந்துபோகும். கனரக செல்ஃபுகளுக்கான கையேடுகள் ஒரே மூச்சில் 30 விநாடிக்கு மேல் வேண்டாம், பிறகு 2 நிமிடமாவது ஆறவிடுங்கள் என்கின்றன. நம் ஊர்ப் பழைய மோட்டார்களுக்குப் பத்து விநாடிதான் நான் சொல்லும் அளவு. பத்து விநாடியில் பிடிக்காத என்ஜின் முப்பது விநாடியில் பிடிப்பது அபூர்வம்.

டீசலைக் கிளப்ப வேறு வழிகளும் இருந்தன. பழைய கேட்டர்பில்லர் மண்வாரி வண்டிகளில் பெரிய டீசலைச் சுற்றுவதற்கென்றே குட்டி பெட்ரோல் என்ஜின் ஒன்று கூட உட்கார்ந்திருக்கும். இங்கிலாந்தின் ஃபீல்டு மார்ஷல் டிராக்டரை வெறும் தோட்டா வெடித்தே கிளப்பலாம். கப்பல்களின் பெரிய என்ஜின்கள் இன்றும் அழுத்தக் காற்றில்தான் கிளம்புகின்றன. தரையில் ஓடும் வண்டிகளில் நிலைத்தது மின்மோட்டார்தான்.

பழைய வண்டியில் மூன்று வகை செல்ஃப் கண்ணில் படலாம். முதல் வகையில் பினியன் என்ற சிறு பல்சக்கரம் மரைபோட்ட தண்டில் உட்கார்ந்திருக்கும். மோட்டார் திடீரென்று சுற்றும்போது அந்த வேகத்தில் பினியன் மரையில் ஓடிப்போய், ஃப்ளைவீல் விளிம்பிலுள்ள ரிங் கியரில் மோதி மாட்டும். அமெரிக்கர் வின்சென்ட் பெண்டிக்ஸின் பெயரால் வழங்கும் அமைப்பு இது. நம் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இன்று எந்த வகை செல்ஃபின் பினியனையும் ‘பெண்டிக்ஸ்’ என்றே சொல்கிறார்கள். அவருடைய அமைப்பு அதில் இல்லாவிட்டாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. இரண்டாம் வகை பழைய கனரக என்ஜின்களில் வந்த சிஏவி செல்ஃப். அதில் மோட்டாருக்குள் சுழலும் ஆர்மெச்சரே முழுசாக முன்னால் நகர்ந்து ரிங் கியரில் மாட்டும். முதலில் கொஞ்சம் மின்சாரத்தில் மெல்லத் திரும்பி, பல் முழுதும் மாட்டிய பிறகுதான் முழு மின்சாரம் பாயும். அழகான ஏற்பாடு. ஆனால் இதைத் தெரிந்து பிரிப்பவர்கள் அருகிவிட்டார்கள். மூன்றாவது வகைதான் இன்று பெரும்பாலும் இருப்பது. தலைமேல் சோலனாய்டு என்ற மின்காந்த சுவிட்ச் உட்கார்ந்து, நெம்புகோல் வழியாகப் பினியனை முன்தள்ளி, பல் மாட்டிய பிறகு மோட்டாருக்கு மின்சாரம் விடும். பினியனுக்குள் ஒருவழிக் கிளட்ச் உண்டு. ரிங் கியருக்கு நூற்றுச் சொச்சம் பல், பினியனுக்குப் பத்துச் சொச்சம் பல். என்ஜின் பிடித்து நிமிடத்துக்கு எண்ணூறு சுற்று வந்துவிட்டால், கிளட்ச் இல்லாத ஆர்மெச்சரை அது எட்டாயிரம் பத்தாயிரம் சுற்றுக்கு இழுத்துவிடும். செம்புக் கம்பிகள் காடியை விட்டு வெளியே தெறித்துவிடும்.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலின் பேச்சில் பிரிட்டிஷ் வாடை அடிப்பதற்குக் காரணமுண்டு. எண்ணூர் கம்பெனி 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களுக்காக டாஃபே 1960-இல் வந்தது. பாடியில் லூக்காஸ் டிவிஎஸ் 1961-இல் வந்தது. அதனால் நம் பட்டறைகள் பழகியது லூக்காஸ், சிஏவி என்ற பிரிட்டிஷ் கம்பெனிகளின் வழியில் செய்த செல்ஃபுகள். அந்தக் காலத்து லூக்காஸ் கையேடு கையிலிருந்தால் பாதிச் சண்டைகள் தீர்ந்துவிடும். பட்டறையில் அதைத்தான் காணமுடிவதில்லை.

நோய் அறிவதற்குக் காதுதான் முதல் கருவி. சாவியைத் திருப்பும்போது ஹெட்லைட்டைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். லைட் அப்படியே அணைந்துபோனால் பேட்டரியோ டெர்மினலோ சரியில்லை. கொஞ்சமும் மங்காமல் எரிந்தால் மின்சாரம் மோட்டாருக்குப் போகவே இல்லை; சாவி சுவிட்ச், சோலனாய்டு, எர்த், கார்பன் இவற்றில் ஒன்று. நன்றாக மங்கியும் எதுவும் சுற்றவில்லையென்றால் மின்சாரம் போகிறது, ஆனால் ஏதோ இறுகியிருக்கிறது. ‘டகடகடக’ என்று துடித்தால் பெரும்பாலும் பேட்டரி பலவீனம். சோலனாய்டுக்குள் இழுக்கும் காயில், பிடித்து நிறுத்தும் காயில் என்று இரண்டு உண்டு. நிறுத்தும் காயில் அறுந்தாலும் இதே துடிப்பு வரும். ‘கீய்ங்’ என்று மோட்டார் மட்டும் ஓடி என்ஜின் அசையாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது, அல்லது பினியன் மாட்டவில்லை. ‘கர்ர்ர்’ என்று அரைத்தால் ரிங் கியர் பல்.

சாவியை விட்ட பிறகும் செல்ஃப் நிற்காமல் ஓடினால் நோய் என்ன என்று யோசித்து நிற்காதீர்கள். சோலனாய்டின் செம்புத் தட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓடிப்போய்ப் பேட்டரி கனெக்‌ஷனைப் பிரிக்கவேண்டும், இல்லாவிட்டால் கேபிள் எரியும். இந்த ஒட்டல் பெரும்பாலும் பலவீனமான பேட்டரியின் வேலை. வோல்ட் குறைந்தால் சோலனாய்டு துடிக்கும், துடிக்கும்போது தட்டில் பொறி பறக்கும், பொறி பறந்தால் செம்பு உருகி ஒட்டும். பழைய பேட்டரியை இன்னும் ஆறு மாசம் ஓட்டலாம் என்று பணம் மிச்சம் பிடிப்பவர் செல்ஃபுக்குச் செலவழிக்கிறார்.

காதுக்கு அடுத்தது மல்டிமீட்டர். விலை மலிந்துவிட்டது, எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. ஆனால் பலர் அதை வைத்துப் பேட்டரியை மட்டும் பார்த்துவிட்டு “12 காட்டுது” என்று மூடிவிடுகிறார்கள். ஓய்வில் நிற்கும் பேட்டரி 12 வோல்ட் காட்டுவது பெருமையே இல்லை. முழுச் சார்ஜில் 12.6 காட்டவேண்டும், 12 என்றால் அது கிட்டத்தட்டப் பட்டினி. உண்மை தெரிவது செல்ஃப் அடிக்கும்போதுதான். கியரை நியூட்ரலில் போட்டு, என்ஜின் பிடித்துவிடாதபடி ஸ்டாப் ஒயரை இழுத்துவைத்துக்கொண்டு ஒருவர் சாவியைத் திருப்பட்டும். மீட்டர் முனைகளைப் பேட்டரியின் ஈயக் குமிழிலேயே குத்துங்கள். அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப்பில் குத்தினால் இடையிலுள்ள அழுக்கின் இழப்பும் பேட்டரியின் கணக்கில் சேர்ந்துவிடும். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி சரியில்லை, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது.

விழவில்லையென்றால் அடுத்து கேபிளைப் பாருங்கள். ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவ் குமிழிலும் மறுமுனையைச் செல்ஃபின் தடித்த போல்ட்டிலும் வைத்துச் சாவியைத் திருப்பினால், 12 வோல்ட் வண்டியில் அரை வோல்ட்டுக்குள் காட்டவேண்டும். பிறகு பேட்டரி நெகட்டிவ் குமிழுக்கும் செல்ஃபின் உடம்புக்கும் இடையே அதே சோதனை, அதிகபட்சம் 0.3 வாக்கில். சித்தப்பாவின் டிராக்டரில் இதைச் செய்திருந்தால் பல வோல்ட் காட்டியிருக்கும். இரண்டு நிமிட வேலை. கடைசியாகச் சோலனாய்டின் இரண்டு தடித்த போல்ட்டுகளுக்கு இடையே. ‘டக்’ சத்தம் வந்த பிறகும் அங்கே முழு பேட்டரி வோல்ட் நின்றால் உள்ளே தட்டு தொடவில்லை, கருகிவிட்டது. சாதாரண மீட்டரால் ஓம் அளந்து கேபிளைச் சோதிப்பதில் பயனில்லை. நூறில் ஒரு ஓமை அது காட்டாது.

எர்த் கெட்டால் மின்சாரம் சும்மா இருக்காது, வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள் வழியே திரும்ப முயலும். செல்ஃப் அடிக்கும்போது அந்தக் கேபிள் சுடுகிறது, புகைகிறது என்று சொல்லி வரும் வண்டிக்கு எர்த் பட்டை மாற்றினால் போதும். கேபிள் மாற்றும்போது கனத்தை மட்டும் பார்க்காதீர்கள். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கேபிள் கடையில் தாராளமாக விற்கிறது. முனையைச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளை தெரியும். நல்ல செம்பு வெல்டிங் கேபிள் இந்த வேலைக்கு அருமையானது.

இவ்வளவும் சரியாக இருந்தும் சுற்றவில்லையென்றால், மோட்டாரைத் தொடும் முன் இன்னும் ஒன்று பாருங்கள். என்ஜினைக் கையால் திருப்ப முடிகிறதா? கடலோரம் விசைப்படகுகளில், சைலன்சர் வழியே தண்ணீர் ஏறி சிலிண்டரில் நின்றுவிடுவதுண்டு. தண்ணீர் நெருங்காது. அந்த நிலையில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். நிலத்திலும் ஹெட் கேஸ்கெட் போன என்ஜினில் ராத்திரியோடு ராத்திரியாக ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம்.

சரி, நோய் மோட்டாரில்தான் என்று முடிவாகிவிட்டது. முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்பேனர் போகவேண்டும். கழற்றிய மோட்டாரின் உடம்பிலும் இரண்டு மூடிகளிலும் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள், திரும்பப் பூட்டும்போது அது வழிகாட்டும். திறந்ததும் முகர்ந்து பாருங்கள். வார்னிஷ் கருகிய வாடை ஒரு செய்தி. உடம்பின் உட்சுவரில் வெள்ளி மணிகள்போல ஈயத்துளிகள் தெறித்து ஒட்டியிருந்தால் அது இன்னொரு செய்தி. யாரோ செல்ஃபை நிறுத்தாமல் அடித்திருக்கிறார்கள். ஆர்மெச்சர் கம்பியை, கார்பன் உரசும் கம்யூட்டேட்டரோடு இணைக்கும் பற்றாசு சூட்டில் உருகிச் சுழற்சியில் வீசப்பட்டிருக்கிறது. காந்தக் கட்டைகளின் உள்முகத்தில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் புஷ் போய், ஆர்மெச்சர் உரசி ஓடியிருக்கிறது. மெல்லச் சுற்றி நிறைய ஆம்பியர் குடித்ததன் காரணம் அங்கே கண்ணெதிரே இருக்கும்.

‘காயில் போச்சு’ என்ற தீர்ப்பை இங்கேதான் கொஞ்சம் நிறுத்தி விசாரிக்கவேண்டும். டைனமோவைப்போல மெல்லிய கம்பி செல்ஃபில் கிடையாது. ஆர்மெச்சரில் இருப்பவை தடித்த செம்புப் பட்டைகள். ஃபீல்டு காயிலும் தடித்த பட்டைதான். அது அறுந்துபோவது அபூர்வம். காப்புத்தாள் கருகி உடம்பைத் தொடுவதும் பட்டைகள் ஒன்றோடொன்று தொடுவதும் நடக்கும். அதை மீட்டரில் ஓம் வைத்துக் கண்டுபிடித்தேன் என்று ஒருவர் சொன்னால் நம்பவேண்டாம். நல்ல காயிலும் கெட்ட காயிலும் அந்த மீட்டருக்குச் சைபர்தான். உடம்போடு தொடுகிறதா என்பதற்கு டெஸ்ட் லேம்ப். உள்ளுக்குள் ஒன்றோடொன்று தொடுகிறதா என்பதற்கு க்ரௌலர் என்ற கருவி. ஆர்மெச்சரை அதன் மேல் வைத்து, ஹாக்ஸா பிளேடு ஒன்றைக் காடிகளின் மேல் பிடித்து மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால், ஷார்ட் ஆன காடியின்மேல் பிளேடு ‘ஜ்ஜ்ஜ்’ என்று அதிரும். க்ரௌலர் இல்லாத கடை காயில் போச்சு என்று சொன்னால் அது ஊகம்.

அதிகமாகத் தேய்வது கார்பன். செல்ஃபுக்கு வருவது செம்பு கலந்த கார்பன், வழக்கமாக நான்கு. பாதிக்கு மேல் தேய்ந்தால் ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைந்து, ‘டக்’ என்று சோலனாய்டு மட்டும் அடிக்கும், மோட்டார் திரும்பாது. வழியில் நின்ற வண்டியில் செல்ஃபின் உடம்பைச் சுத்தியலால் லேசாகத் தட்டி ஒருவர் ஸ்டார்ட் செய்துவிட்டால், அவர் சிக்கிக்கொண்ட கார்பனை அசைத்துவிட்டிருக்கிறார். ஊர்போய்ச் சேர அது போதும். புதிய சிறு செல்ஃபுகளில் ஃபீல்டு காயிலுக்குப் பதில் நிரந்தரக் காந்தம் ஒட்டியிருக்கும். அவற்றைத் தட்டினால் காந்தம் உடையும். லூக்காஸின் சில மாடல்களில் ஃபீல்டு காயில் அலுமினியம், அதில் பற்றாசு பிடிக்காது. பழைய கார்பனின் செம்புப் பின்னலைக் கொஞ்சம் மிச்சம் வைத்து வெட்டி, அந்த மிச்சத்தில்தான் புதியதைப் பற்றவைக்கவேண்டும். அடியோடு வெட்டிவிட்டு விழித்துக்கொண்டு நின்றவர்கள் உண்டு.

கம்யூட்டேட்டரைச் சுத்தம் செய்ய மெல்லிய உப்புத்தாள் போதும். எமரித்தாள் ஆகாது, அதன் துகள் செம்பில் புதைந்து கார்பனைத் தின்னும். பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் லேசாகக் கடையவேண்டும். கடைந்த பிறகு செம்புத் துண்டுகளுக்கு இடையிலுள்ள மைக்காவை அறுத்துக் குழி எடுக்கவேண்டுமா என்பதில் கடைக்கொரு கருத்து. டைனமோவுக்கு எடுக்கவேண்டும், அதில் சந்தேகமில்லை. அந்தப் பழக்கத்தில் செல்ஃபுக்கும் எடுத்துவிடுகிறார்கள். லூக்காஸ் கையேடுகள் தங்கள் செல்ஃபில் எடுக்கக்கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. வேறு சில தயாரிப்பாளர்கள் எடுக்கச் சொல்கிறார்கள். ஆகவே தயாரிப்பு எது என்று பார்க்காமல் அறுக்கும் கை தவறான கை. என் கட்சி இதுதான்: கையேடு கிடைக்காத லூக்காஸ் வழி மோட்டாரில் அறுக்காமல் விடுங்கள். செம்பும் கார்பனும் கலந்து தேயும் தூள் அந்தக் குழியில் அடைந்தால் அதுவே ஷார்ட்.

புஷ் விஷயத்தில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அது துளைத்துளையான வெண்கலம், எண்ணெயைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். பொருத்துவதற்கு முன் ஒரு நாள் முழுக்க என்ஜின் ஆயிலில் ஊறவேண்டும். அடித்து ஏற்றிய பிறகு ரீமர் போட்டால் துளைகள் அடைந்துவிடும், எண்ணெய் வராது. நம் கடைகளில் புஷ்ஷை ஊறவைப்பவரைக் காண்பது அரிது, ரீமர் போடாதவரைக் காண்பது அதைவிட அரிது. “புஷ் போட்டு மூணு மாசந்தான் ஆச்சு, மறுபடி ஆடுது” என்ற புலம்பல் பெரும்பாலும் இங்கிருந்து வருகிறது.

கழுவுவதிலும் ஒரு பாகுபாடு உண்டு. பழைய மரைத்தண்டு பெண்டிக்ஸை மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, கிரீஸ் இல்லாமல் பூட்டவேண்டும். கிரீஸ் போட்டால் கிளட்ச் தூசி அதில் ஒட்டிப் பினியன் பாதிவழியில் நின்றுவிடும். ஒருவழிக் கிளட்ச் உள்ள பினியனை மண்ணெண்ணெயில் முக்கவே கூடாது, உள்ளே அடைத்த கிரீஸ் கரைந்துவிடும். அதைத் துணியால் துடைத்தால் போதும்.

சோலனாய்டை மாற்றாமலே பல சமயம் பிழைக்கவைக்கலாம். பின்மூடியில் பற்றவைத்த இரண்டு முனைகளை உருக்கித் திறந்தால், இரண்டு செம்பு போல்ட்டுகளும் ஒரு வட்டத் தட்டும் தெரியும். தட்டைப் புரட்டிப் போட்டு, போல்ட் தலையைப் பாதிச் சுற்று திருப்பிவைத்தால் தேயாத முகம் கிடைக்கும்.

பூட்டும் முன் மேசையில் வைத்து ஜம்பர் கேபிளில் ஒருமுறை சுற்றிப் பார்ப்பது வழக்கம். நல்லதுதான். ஆனால் சுமையில்லாமல் சுற்றுவது எதற்கும் சான்றல்ல. வெறும் கையோடு ஓடுபவன் நெல்மூட்டையோடு ஓடுவான் என்று சொல்லமுடியாது. தேய்ந்த கார்பனோடும் தளர்ந்த ஸ்பிரிங்கோடும் மேசைமேல் ஜோராகச் சுற்றும் மோட்டார் வண்டியில் போய் ‘டக்’ என்று நிற்பதுண்டு.

ரிங் கியர் பற்றி ஒரு வார்த்தை. என்ஜினை நிறுத்தும்போது அது எங்கே வேண்டுமானாலும் நிற்பதில்லை. நெருக்கத்தில் மோதி, சில இடங்களில்தான் நிற்கும். நாலு சிலிண்டரில் ரிங் கியரின் எதிரெதிரான இரண்டு இடங்களிலும், மூன்று, ஆறு சிலிண்டரில் மூன்று இடங்களிலும் பல் தேயும். என்ஜினைக் கையால் கொஞ்சம் திருப்பிவிட்டால் செல்ஃப் எடுக்கிறது என்றால் நோய் அங்கே. புது ரிங் கியர் கிடைக்காதபோது பழையதைச் சூடேற்றிக் கழற்றி, நாலு சிலிண்டரில் கால் சுற்றும், மூன்று, ஆறு சிலிண்டரில் சுற்றில் ஆறில் ஒரு பங்கும் தள்ளி மாட்டினால் தேயாத பல் முன்னே வரும். பினியன் நுழையும் பக்கத்துச் சாய்வு மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

சாவி வேலை செய்யாதபோது ஸ்குரூடிரைவரால் சோலனாய்டின் இரண்டு போல்ட்டையும் தொடவைத்து ஸ்டார்ட் செய்வது ஊரறிந்த வித்தை. டிராக்டரில் இதைச் செய்பவர் பின்சக்கரத்துக்கு முன்னால்தான் நிற்கவேண்டியிருக்கும். கியரில் இருந்தால் ஸ்டார்ட் ஆகாதபடி வைத்த பாதுகாப்பு சுவிட்சையும் அவர் தாண்டிவிடுகிறார். வண்டி கியரில் இருந்தால் என்ஜின் பிடித்த மறுகணம் அந்தச் சக்கரம் அவர்மேல் ஏறும். பல நாடுகளில் இப்படி உயிர் போயிருக்கிறது. இதை நான் கெட்டிக்காரத்தனம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பழசைச் சரிசெய்வதா, புதுசு வாங்குவதா? உள்ளே பல்சக்கரம் வைத்த புது வகை செல்ஃபுகள் எடை குறைவு, ஆம்பியரும் குறைவாகக் குடிக்கும், என்ஜினையும் வேகமாகச் சுற்றும். ரிங்கு தேய்ந்த பழைய டீசலுக்கு அவை வரம்தான், பொருந்தும் மாடல் கிடைத்தால். ஆர்மெச்சர் கருகி, உடம்பும் தேய்ந்திருந்தால் தயங்காமல் மாற்றலாம். கார்பன், புஷ், சோலனாய்டுத் தட்டு மட்டுமே போயிருந்தால் பழைய மோட்டாரை விடவேண்டாம். திருகைத் திறந்து திரும்பப் பூட்டுவதற்கென்றே செய்தது அது. சந்தையில் பெயர் தெரியாத டப்பாவில் வரும் மலிவுப் புது செல்ஃபைவிட, ஊறவைத்த புஷ்ஷும் நல்ல கார்பனும் போட்ட பழைய செல்ஃப் அதிக நாள் உழைக்கும் என்பது என் அனுபவம்.

சித்தப்பாவின் டிராக்டரில் இப்போது எர்த் பட்டை புதுசு. மழைக்காலத்துக்கு முன் டெர்மினலைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார், பட்டை போல்ட்டைக் கழற்றிச் சுரண்டிப் பூட்டுகிறார். உங்கள் வண்டியின் செல்ஃபைக் கடையில் கொடுப்பதாக இருந்தால், வேலை முடிந்ததும் மாற்றிய பழைய காயிலையும் கார்பனையும் புஷ்ஷையும் கையில் வாங்கிப் பாருங்கள். க்ரௌலரில் வைத்து ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.